அந்தக் குரூப்பில் நான் இல்லை

நடுவர் அவர்களே, தங்கச்சிமடத்துச் சொந்தங்களே, வணக்கம்.

‘புதிய தகவல் தொடர்பு, சேர்ந்து தொழில் செய்கிறவர்களைச் சேர்த்ததா, பிரித்ததா?’ இதுதான் தலைப்பு. பிரித்தது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், புயல் நேரத்தில் படகுக்குப் படகு பேசிக்கொள்ளும் வாக்கிடாக்கியைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஏன் தெரியுமா அண்ணே? அது எங்கள் அணியின் சாட்சி! விஎச்எஃப் என்கிற அந்தப் படகு ரேடியோவில் 16-ஆம் சேனல், ஆபத்தில் கூப்பிட உலகம் முழுக்க ஒதுக்கிய சேனல். ஒருத்தர் பொத்தானை அழுத்திப் பேசினால், எட்டுகிற தூரத்தில் அதைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை படகுக்கும் கேட்கும். அவர் விரலை எடுக்கிறவரை மற்றவர்கள் வாயை மூடிக் கேட்டாக வேண்டும். (வீட்டுக்கு ஒன்று வாங்கி வைக்கலாம்.) ஆனால் அது நேற்று வந்த கருவி இல்லையே!

நேற்று வந்தது வாட்ஸ்அப். முன்பெல்லாம் இறால் விலை ஏலத்தில் எல்லார் காதிலும் விழும். ஓனர், டிரைவர், பங்குக்குக் கடலுக்குப் போனவர், கூடையோடு நிற்கிற அக்கா, யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இப்போது படகு கரை சேரும் முன்பே விலை ஒரே ஒரு போனுக்கு வந்துவிடுகிறது. நான் போன படகில் ஒரு தடவை, “என்ன விலைக்குப் போச்சு?” என்று கேட்டேன். “குரூப்பில் போட்டிருக்கேனே” என்றார் ஓனர். அந்தக் குரூப்பில் நான் இல்லை!

அப்புறம், கூடி முடிவெடுப்பது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளரட்டும் என்று, கைக்கு வரும் காசைத் தாங்களே குறைத்துக்கொண்ட முடிவு அது. முகம் பார்க்காமல் அப்படி ஒரு சம்மதம் கிடைக்குமா? நம் பக்கத்தில் இப்போது என்ன நடக்கிறது? ராத்திரி பத்து மணிக்கு ஓர் ஆடியோ வருகிறது: ‘நாளை வேலைநிறுத்தம்.’ கீழே நாற்பது கட்டைவிரல். விடிந்து பார்த்தால், கடலுக்குப் போக டோக்கன் வாங்கும் வரிசையில் முதல் ஆளாக நிற்பவர் அந்தக் கட்டைவிரல்காரர்!

மணி அடித்துவிட்டீர்கள், சரி. ஒன்றே ஒன்று, நடுவர் அவர்களே. தீர்ப்பை இந்த மைக்கில் சொல்லிவிடுங்கள், குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அதிலும் நான் இல்லை.