1964-லேயே 10 லட்சம் டாலர் ஒப்பந்தம்! பௌலிங் ராஜாக்களை அமெரிக்கா ஏன் மறந்தது?

வணக்கம் மக்களே! நேரா கேள்விக்குப் போவோம். 10 லட்சம் டாலருக்கு விளம்பர ஒப்பந்தம் போட்ட முதல் விளையாட்டு வீரர் யார்? பேஸ்பால்காரரா? குத்துச்சண்டை வீரரா?

(திரையில்: டான் கார்ட்டரின் கறுப்பு வெள்ளைப் படம்)

இவர்தான். டான் கார்ட்டர். கிரிக்கெட் பௌலர் இல்லை. பந்தை உருட்டி, பாட்டில் வடிவில் நிற்கும் பத்துப் பின்களைச் சாய்க்கிறவர்! 1964-இல் எபோனைட் என்ற பௌலிங் பந்து நிறுவனம் பல வருடங்களுக்குச் சேர்த்து அந்தத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டது. அடுத்த ஜனவரியில் ஜோ நாமத் என்ற இளம் நட்சத்திரத்தை நியூயார்க் ஜெட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 4,27,000 டாலருக்கு எடுத்தபோது அமெரிக்காவே வாயைப் பிளந்தது. ஆனால் அது பௌலர் வாங்கியதில் பாதிகூட இல்லை.

சரி, வரலாற்றை வேகமாக ஓட்டிவிடுகிறேன். 1950-களில் பின்களைத் தானாக அடுக்கும் இயந்திரம் பரவியது, ஊருக்கு ஊர் பௌலிங் கூடம் முளைத்தது, ஷிஃப்ட் முடிந்த தொழிலாளர்கள் லீக் ஆடினார்கள். 1958-இல் தொழில்முறை வீரர்களுக்காக பிபிஏ என்ற சங்கம் தொடங்கியது. 1962 முதல் 1997 வரை ஏபிசி டிவியில் சனிக்கிழமை மதியம் என்றால் பௌலிங். அப்புறம் ஏபிசி கைவிட்டது. 2000-இல் மைக்ரோசாஃப்டின் முன்னாள் அதிகாரிகள் மூன்று பேர் பிபிஏவை வாங்கினார்கள். 2019-இல் அது பௌலிங் கூடங்கள் நடத்தும் ஒரு நிறுவனத்திடம் போனது. வரலாறு ஓவர்!

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அமெரிக்காவில் இன்றும் கோடிக்கணக்கானவர்கள் பௌலிங் ஆடுகிறார்கள். பிறந்தநாள் என்றால் பௌலிங், ஆபீஸ் பார்ட்டி என்றால் பௌலிங். ஆனால் ஒரு தொழில்முறை பௌலரின் பெயரைக் கேட்டால் பலர் முழிப்பார்கள். எல்லோரும் ஆடுகிற விளையாட்டை ஏன் கொஞ்சம் பேர்தான் பார்க்கிறார்கள்?

என் கட்சி இது: எல்லோரும் ஆடுவதால்தான். "இதைத்தான் நானும் போன வாரம் செய்தேனே" என்று தோன்றிவிட்டால் கைதட்ட மனசு வராது. உண்மையான கஷ்டமோ கண்ணுக்கே தெரியாது. அதன் பெயர் எண்ணெய்.

ஆமாம், எண்ணெய்! அந்தப் பளபள பாதையில் மெல்லிசாக எண்ணெய் பூசியிருப்பார்கள். சாதாரணக் கூடங்களில் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. பந்தைச் சுழற்றிப் போடுகிறவருக்கு இது பெரிய சலுகை. ஓரமாகத் தவறிப் போன பந்து காய்ந்த இடத்தில் பிடித்து உள்ளே திரும்பும். நடுவில் போனால் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். தப்பு நீங்கள் செய்வீர்கள், திருத்துவது எண்ணெய். தொழில்முறைப் போட்டியில் அந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. எண்ணெயைப் பல விதமாகப் போடுவார்கள். அந்த விதங்களுக்குச் சிறுத்தை, சுறா, தேள், கரடி என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டாலே பயமாக இல்லை?

இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு பந்தும் உருளும்போது எண்ணெயை உறிஞ்சும், கொஞ்சத்தை முன்னால் இழுத்துக்கொண்டும் போகும். முதல் பந்துக்கு இருந்த பாதை இருபதாவது பந்துக்கு இருக்காது. டெஸ்ட் மேட்சில் ஐந்தாம் நாள் பிட்ச் எப்படி மாறியிருக்கும்? அது இங்கே ஒரே மதியத்தில் நடக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாமல். அதனால்தான் பௌலர்கள் பை பையாகப் பந்து சுமக்கிறார்கள். நிற்கும் இடத்தை ஓர் அங்குலம் நகர்த்தலாமா, பந்தையே மாற்றலாமா என்று மண்டைக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். டிவியில் எண்ணெயை நீலமாகக் காட்டியும் பார்த்தார்கள். நல்ல யோசனை, முப்பது வருடம் முன்பே செய்திருக்கலாம்!

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. ஒரே பந்தில் பத்துப் பின்களும் விழுந்தால் அது ஸ்ட்ரைக். கச்சிதமான ஸ்ட்ரைக்கில் பந்து நேரடியாகத் தொடுவது எத்தனை பின்கள் தெரியுமா? நாலே நாலு! மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளி விழவைக்கின்றன.

(திரையில்: கடைசி வரிசையின் இரு மூலைகளில் மட்டும் பின்கள்)

இதற்குப் பெயர் 7-10 ஸ்ப்ளிட். இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று. ஒரே பந்தில் இரண்டும் விழ வேண்டும். டிவி போட்டியில் முதலில் இதைச் செய்தவர் மார்க் ராத், 1980-இல். 1991-இல் இரண்டு பேர். அப்புறம் முப்பது வருடம் யாருமே இல்லை. 2021-இல், டென்னிஸ் இல்லை, பௌலிங்கின் யுஎஸ் ஓப்பனில் 18 வயதுப் பையன் ஆண்டனி நியூவர் சாய்த்துக் காட்டினான். வர்ணனையாளர்கள் கத்திய கத்து இருக்கிறதே! அந்த ஆட்டத்தில் அவன் தோற்றுவிட்டான் என்பதுதான் கொடுமை.

பௌலிங் பார்க்காத அமெரிக்கர்களுக்கும் தெரிந்தது ஒரு கத்தல். 2012-இல் ஐந்தாவது யுஎஸ் ஓப்பன் வென்று கார்ட்டரின் சாதனையைத் தாண்டிய பீட் வெபர், "நீ யாருன்னு நினைச்சுக்கிட்டிருக்க? நான்தான்!" என்று கேமரா முன்னால் கத்தினார். அர்த்தம் கேட்காதீர்கள். கடைசிப் பந்தில் ஸ்ட்ரைக் போட்டு ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தவர், எதை வேண்டுமானாலும் கத்தலாம். ஆனால் மீம் ஆனது கத்தல்தான், அந்தப் பந்து இல்லை.

காசு? 2021-இல் கைல் ட்ரூப் ஒரே சீசனில் கிட்டத்தட்ட 5 லட்சம் டாலர் பரிசு வாங்கிப் புதிய சாதனை படைத்தார். கார்ட்டர் கையெழுத்துப் போட்டது 57 வருடம் முன்பு, அதைவிட இருமடங்குத் தொகைக்கு. விலைவாசியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீடியோ லாக்ரோஸா, காளைச் சவாரியா? கமெண்டில் சொல்லுங்கள். என் ஓட்டு காளைக்கு. அதில் 8 விநாடி தாக்குப்பிடித்தால் போதும். நான் அதையும் எட்டு நிமிடத்துக்கு இழுத்துவிடுவேன்!