கதவின் மேல் விளிம்பில் பென்சில் எழுத்து

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடலூரில் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்கு என் அப்பாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. ஆனால் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் 'பர்மா ஆசாரி' என்றால் வயதானவர்கள் சிலருக்கு ஞாபகம் வரலாம்.

அப்பா 1934-இல் பர்மாவில், ரங்கூனில் பிறந்தவர். தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன தச்சர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது அப்பாவுக்கு ஏழு வயது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலைகள் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே கிளம்பினார்கள். வழியிலேயே காலராவிலும் பசியிலும் போய்ச் சேர்ந்தவர்கள் பலர். பாட்டி அப்போது நிறைமாதம், அதனால் தாத்தா கிளம்பவில்லை. சண்டை ஓய்ந்த பிறகு, இடிந்த ஊரில் தச்சருக்கு ஓயாத வேலை. அந்த வேலையில்தான் அப்பா உளி பிடிக்கப் பழகினார்.

1962 மார்ச்சில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-இல் கடைகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அப்பா பத்து வருஷம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் நூறு கியாட் நோட்டுகள். அந்த வருஷக் கடைசியில் அப்பா, அம்மா, மூன்று வயதில் நான், கைக்குழந்தையாகத் தம்பி, எல்லோரும் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினோம். கப்பலேறும்போது நடந்த சோதனையில் அம்மா காதில் கிடந்த தோட்டையும் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அப்பாவின் தேக்குப் பெட்டியையும் திறந்து பார்த்தார்கள். உள்ளே இழைப்புளி, உளி, ரம்பம், அரம், சாணைக்கல். ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டார்களாம். அதற்கப்புறம் எங்களுக்குச் சோறு போட்டது அந்தப் பெட்டிதான்.

சொந்த ஊர் என்று அவர் வந்து சேர்ந்த ஊரை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை. முப்பது வயதில், வாடகை வீட்டின் பின்பக்கத்துக் கொட்டகையில் பட்டறை போட்டார். தமிழ் நன்றாகப் படிப்பார், எழுதுவார். ஆனால் எண்கள் மட்டும் கடைசிவரை பர்மிய எண்கள்தான். சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடம் அப்படி. காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துப் பலகையில் அளவைக் குறிப்பார். எல்லாம் வட்ட வட்டமாக இருக்கும். அவர்களுடைய ஒன்று, நம் பூஜ்யத்தை ஒரு பக்கம் வாய் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தச்சர் கணக்கு. 'மூணு அடி, ரெண்டு அங்குலம், அஞ்சு நூல்' என்று வாயால் தமிழில் சொல்லிக்கொண்டே கையால் பர்மிய எழுத்தில் எழுதுவார். எனக்கு அந்த எண்களைச் சொல்லிக் கொடுத்ததும் ஒரு கதவுப் பலகைமேல்தான்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பலகையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்திருப்பார். தேக்கில் எண்ணெய் இருக்கிறது, கூடவே கண்ணுக்குத் தெரியாத மணல்சத்தும் இருக்கிறது. உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதனால் மணிக்கொரு தரம் உளியைச் சாணைக்கல்லில் தீட்டுவார். தண்ணீர் தெளித்து, மெதுவாக, ஒரே சரிவில். பிறகு முன்கையின் மயிரில் வைத்துப் பார்ப்பார். மழித்த மாதிரி வந்தால்தான் மரத்தைத் தொடுவார். அவர் இடது முன்கையில் மயிரே இருந்ததில்லை.

அப்பா எங்களைத் தூக்கிக் கொஞ்சியதாக எனக்கு ஞாபகமில்லை. சனிக்கிழமை கூலி வாங்கினால் எண்ணாமல் அம்மா கையில் கொடுப்பார். நாங்கள் நான்கு பேரும் ராத்திரி சத்தம் போட்டுப் படித்து முடிக்கும்வரை படுக்க மாட்டார். ஏதாவது ஒரு கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது ஒரு மடக்கு மேஜை செய்து கொடுத்தார். வேலை செய்த வீட்டுக்காரரிடம், "கழிவுக் கட்டைதாங்க, எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகே எடுத்து வந்த தேக்குத் துண்டுகள் அவை. பதினோரு துண்டுகள், ஒட்டு தெரியாது. இன்றும் அதில்தான் எழுதுகிறேன். இந்த உரையையும் அதில் வைத்துத்தான் எழுதினேன்.

1983-இல் எங்களுக்கென்று ஒரு சின்ன வீடு கட்டினார். அப்போது புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் ஒரு உத்தரத்தை விலைக்கு வாங்கி, மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். இழைத்த சுருளை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் நம்மள மாதிரி கப்பல்ல வந்ததும்மா" என்றார். பர்மா தேக்கு. அங்கே பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்று, அடிமரத்தைச் சுற்றி வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிடுவார்களாம். பிறகு சாய்த்து, யானையை விட்டு இழுத்து, ஐராவதி ஆற்றில் மிதக்கவிட்டு ரங்கூனுக்குக் கொண்டுவருவார்களாம். அந்த உத்தரத்தை அறுத்துத்தான் எங்கள் வீட்டு வாசல் நிலையைச் செய்தார். நிலை வைத்த அன்று, ஊரார் வீட்டில் வேட்டி துண்டு வாங்கிக்கொள்ளும் ஆசாரி, வீட்டுக்காரராக நின்றார். மஞ்சள் பூசும்போது அம்மா அழுதுவிட்டார்.

2007-இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்பா ஒரு நாற்காலிக்குச் சக்கரம் பொருத்தினார். அம்மாவுக்கு வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க வேண்டும். நிலையின் அடிக்கட்டை சக்கரத்தைத் தடுத்தது. நிலையை அறுக்கக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்வார்கள். அதை ஊருக்கெல்லாம் சொன்னவரே அப்பாதான். ஒரு நாள் காலையில் நான் போனபோது அவர் மண்டி போட்டு, அந்தத் தேக்கு அடிக்கட்டையை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். "வேணாங்க, வேணாங்க" என்று அம்மா குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா நிமிரவே இல்லை. இரண்டு பக்கமும் வழவழவென்று இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். இரண்டு வருஷம் தினமும் சாயங்காலம் அம்மா அந்த வழியாக வாசலுக்கு வந்தார். 2009-இல் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அப்பா பெட்டியைத் திறக்கவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் அடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் காற்று. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்து கிடந்தன. பஸ் ஓட ஆரம்பித்ததும், "என்னைப் பண்ருட்டிக்குக் கூட்டிப் போ" என்று என் மகனைக் கிளப்பினார். அங்கே ஒரு விவசாயியின் தாத்தா காலத்துப் பலா, வேரோடு விழுந்து கிடந்தது. அந்த விவசாயி அழுதுகொண்டே விலை சொன்னார். அப்பா பேரம் பேசவில்லை.

பலா மரத்தை அறுத்தால் உள்ளே மஞ்சளாக இருக்கும். வருஷம் போகப் போகச் சிவந்து கறுக்கும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அதுதான் மரம். அப்பா அந்த மஞ்சள் சீவல்களைப் பொறுக்கி, அடுப்பில் கொதிக்கவைத்து, அம்மாவின் பழைய வெள்ளை நூல் புடவை ஒன்றை அதில் நனைத்தார். பர்மாவில் புத்த பிக்குகளைப் பொங்கி என்பார்கள். அவர்களுடைய துவராடைக்கு இந்தச் சாயம்தான் என்றார். காய்ந்த புடவையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

அந்த மரத்தை இரண்டு அங்குலக் கனத்தில் பலகைகளாக அறுத்து, நடுவில் குச்சி கொடுத்து, நிழலில் அடுக்கினார். ஒரு அங்குலத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது அவர் கணக்கு. 77 வயதில் இரண்டு வருஷம் காத்திருக்கக் கிளம்பினார். மாதம் ஒரு தரம் பலகைகளைப் புரட்டிப் போடுவார். 2013 அக்டோபரில் அவர் காலமானபோது, இன்னும் மூன்று மாதம் பாக்கி.

காரியமெல்லாம் முடிந்து, பலகைகளை எடுத்துப் பார்த்தோம். ஐந்து பலகைகளின் முனையில் பென்சிலால் எழுதியிருந்தார். வட்ட வட்டமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எங்களுக்கு அவை ஏதோ அளவாகத்தான் தெரிந்தன. ரொம்ப நேரம் கழித்து என் தம்பி மகள்தான் சொன்னாள்: "அத்தை, நாங்க அஞ்சு பேரப்பிள்ளைங்க."

நேயர்களே, ஒரு வேண்டுகோள். 1965-க்கும் 1995-க்கும் இடையில் கடலூரில் உங்கள் வீட்டில் கதவோ அலமாரியோ செய்திருந்தால், ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கதவின் மேல் விளிம்பைப் பாருங்கள். அந்த இடத்தில் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. டிராயரைக் கழற்றி அடிப்பக்கத்தையும் பாருங்கள். வட்ட வட்டமாகப் பென்சில் எழுத்து இருந்தால், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் வந்து பார்க்கிறேன். என்ன அளவு என்று உங்களுக்குப் படித்தும் சொல்கிறேன். வணக்கம்.