ஃப்ராட் கான்ஃபிகர் செய்வது: முதலில் ஸ்விட்ச், அப்புறம்தான் எதிர்முனை

[திரை: இடப்பக்கம் ஒரு ரவுட்டர், வலப்பக்கம் ஒரு ரவுட்டர், நடுவில் மேகம்]

வணக்கம். தூரத்து அலுவலகங்களைச் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாக இணைக்கும் பழைய முறைதான் ஃப்ரேம் ரிலே. அதைப் பற்றி எந்தப் பாடத்தைத் திறந்தாலும் இந்த மேகப் படம் இருக்கும். இதைப் பார்த்துப் பார்த்தே பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் பதிந்துவிடுகிறது: இந்த ரவுட்டர் நேராக அந்த ரவுட்டரோடு பேசுகிறது என்று. கடைசியில் பேசும், சரிதான். ஆனால் அது முதலில் பேசுவது மேகத்தின் ஓரத்தில் இருக்கும் ஸ்விட்ச்சோடு. சேவை தரும் நிறுவனத்தின் ஸ்விட்ச் அது. இந்த வரிசை மனதில் இருந்தால் கான்ஃபிகரேஷன் பத்து வரிதான். இல்லாவிட்டால் ஒரு நாளே போய்விடும்.

எனக்குப் போயிருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஃப்ரேம் ரிலே அக்சஸ் டிவைஸ் என்பதைச் சுருக்கித்தான் ஃப்ராட் என்கிறார்கள். தனிப் பெட்டியாக வருவதும் உண்டு, ரவுட்டரின் ஒரு சீரியல் போர்ட்டே அந்த வேலையைச் செய்வதும் உண்டு. உள்ளே வரும் பாக்கெட்டின் முன்னால் 2 பைட் தலைப்பை ஒட்டி, பின்னால் பிழை கண்டுபிடிக்கும் எண்ணைச் சேர்த்து லைனில் தள்ளுவதுதான் அதன் வேலை. இதற்கு முந்தைய முறையான எக்ஸ்.25-இல் ஒவ்வொரு கட்டத்திலும் பிழை பார்த்து, மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள். ஃப்ரேம் ரிலே அந்தச் சுமையையே தூக்கிப் போட்டுவிட்டது. ஃப்ரேம் கெட்டிருந்தால் அது குப்பைக்குப் போகும். மறுபடி அனுப்ப வேண்டியது மேலே இருக்கும் புரோட்டோகாலின் தலைவலி.

புதிதாக யாரும் இந்த லைனை வாங்குவதில்லை. ஆனால் பழைய நெட்வொர்க்கைப் பராமரிப்பவர்களுக்கும், லேபில் படிப்பவர்களுக்கும் இது இன்னும் கண்ணில் படுகிறது.

[திரை: சேவை நிறுவனம் தரும் விவரத் தாள்]

பெட்டியைத் தொடுவதற்கு முன் இந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். போர்ட்டின் வேகம், எல்எம்ஐ வகை (நம் பெட்டியும் ஸ்விட்ச்சும் பேசும் முறை, பிறகு பார்ப்போம்), ஒவ்வொரு பிவிசிக்கும் (இரண்டு முனைக்கும் நடுவே நிரந்தரமாகப் போட்டுவைத்த மெய்நிகர் பாதை) டிஎல்சிஐ எண், அதாவது அந்தப் பாதையின் அடையாள எண், அதன் சிஐஆர், அதாவது அவர்கள் உறுதி தரும் வேகம். இவை நாமாகத் தேர்ந்தெடுப்பவை அல்ல. அவர்கள் சொல்வதை அப்படியே உள்ளிட வேண்டும்.

இதில் டிஎல்சிஐயிடம் கொஞ்சம் நிற்போம். தலைப்பில் இருக்கும் 16 பிட்டில் 10 பிட் இதற்குத்தான். அதனால் 0 முதல் 1023 வரை எண்கள் கிடைக்கும். கீழே 0 முதல் 15 வரையும், மேலே 1008 முதல் 1023 வரையும் ஒதுக்கப்பட்டவை. நமக்கு நடுவில் இருப்பவை. முக்கியமான விஷயம், இந்த எண்ணுக்கு நம் லைனில் மட்டும்தான் அர்த்தம். தலைமை அலுவலகத்தில் 102 என்று அனுப்பும் ஃப்ரேம், கிளையில் 201 என்ற எண்ணோடு போய் இறங்கலாம். நடுவில் ஸ்விட்ச் எண்ணை மாற்றிக்கொண்டே போகும்.

இப்போது கதை. தாளில் இரண்டு முனையின் எண்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தன. "கிளைக்குப் போக வேண்டும், அப்படியானால் கிளையின் எண்ணைத்தான் போட வேண்டும்" என்று நானாக நினைத்துக்கொண்டு, தலைமை அலுவலகப் பெட்டியில் 201 என்று அடித்தேன். எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போகவில்லை. கிளையில் இருந்தவரைக் கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னேன், பெட்டியை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பாவம், அவர் பக்கத்தில் ஒரு தப்பும் இல்லை. என் பெட்டியோ முதல் நிமிஷத்திலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

[திரை: கட்டளை வரிகள்]

சரி, பெட்டிக்குள் போவோம். சிஸ்கோ ரவுட்டரை எடுத்துக்கொள்கிறேன். வேறு தயாரிப்பில் கட்டளை மாறும், சிலவற்றில் மெனுவாக இருக்கும். கேட்கும் விவரம் ஒன்றுதான்.

இன்டர்ஃபேஸ் சீரியல் 0
நோ ஐபி அட்ரஸ்
என்கேப்சுலேஷன் ஃப்ரேம்-ரிலே ஐஇடிஎஃப்
ஃப்ரேம்-ரிலே எல்எம்ஐ-டைப் ஆன்சி
நோ ஷட்டவுன்

முதன்மை போர்ட்டுக்கு ஐபி முகவரி கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? அது கீழே சப்-இன்டர்ஃபேஸில், அதாவது ஒரே போர்ட்டுக்குள் நாம் பிரித்துக்கொள்ளும் உட்போர்ட்டில் வரும்.

பாக்கெட்டை ஃப்ரேமுக்குள் பொதியும் முறைதான் என்கேப்சுலேஷன். அந்த வரியில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் சிஸ்கோவின் சொந்த முறை வந்துவிடும். எதிர்முனையிலும் சிஸ்கோ என்றால் பரவாயில்லை. வேறு தயாரிப்பு என்றால் இணையத் தர அமைப்பான ஐஇடிஎஃப்பின் முறைதான் பொதுமொழி. அதன் தர ஆவணம் 1993-இல் ஆர்எஃப்சி 1490 ஆக வந்து, 1998-இல் ஆர்எஃப்சி 2427 ஆகத் திருத்தப்பட்டது.

எல்எம்ஐ என்பதுதான் நம் பெட்டிக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடக்கும் பேச்சு. 10 விநாடிக்கு ஒருமுறை நம் பெட்டி "இருக்கிறாயா?" என்று கேட்கும், ஸ்விட்ச் "இருக்கிறேன்" என்னும். ஒவ்வொரு ஆறாவது கேள்விக்கும் எல்லா பிவிசியின் நிலையையும் சேர்த்துச் சொல்லும். அதனால் புதிய பிவிசி திரையில் வர ஒரு நிமிஷம் வரை ஆகலாம். அதற்குள் பதறி எதையாவது மாற்றாதீர்கள்.

எல்எம்ஐயில் மூன்று வகை. சிஸ்கோ, டெக், நார்தர்ன் டெலிகாம், ஸ்ட்ராட்டாகாம் நான்கும் சேர்ந்து 1990-இல் உருவாக்கியது ஒன்று. அது 1023 என்ற டிஎல்சிஐயில் பேசும். தர அமைப்புகளான ஆன்சியின் அனெக்ஸ் டி, ஐடியூவின் அனெக்ஸ் ஏ இரண்டும் 0-வில் பேசும். வகை தப்பினால் நாம் ஒரு அறையில் கேள்வி கேட்போம், ஸ்விட்ச் வேறு அறையில் காத்திருக்கும். சிஸ்கோவின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ்ஸில் 11.2 பதிப்பு முதல் இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு. மற்ற பெட்டிகளில் கையால் கொடுக்க வேண்டியிருக்கலாம்.

அடுத்து சப்-இன்டர்ஃபேஸ்.

இன்டர்ஃபேஸ் சீரியல் 0.102 பாயிண்ட்-டு-பாயிண்ட்
ஐபி அட்ரஸ் 10.1.1.1 255.255.255.252
ஃப்ரேம்-ரிலே இன்டர்ஃபேஸ்-டிஎல்சிஐ 102

சப்-இன்டர்ஃபேஸ் எண்ணும் டிஎல்சிஐயும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அப்படி வைத்தால் நள்ளிரவில் கோளாறு பார்க்கும்போது நம்மை நாமே வாழ்த்திக்கொள்வோம்.

எல்லாக் கிளைகளையும் ஒரே மல்டிபாயிண்ட் இன்டர்ஃபேஸில் போட்டால் ஐபி முகவரி மிச்சமாகும், உண்மை. ஆனால் ஸ்பிளிட் ஹரைசன் என்ற விதி, வந்த வழியிலேயே ரூட்டைத் திருப்பிச் சொல்ல விடாது. ஒரு கிளை சொன்னதை இன்னொரு கிளைக்குத் தலைமை அலுவலகம் சொல்லாமல் விழுங்கிவிடும். எதிர்முனையின் ஐபி முகவரியைத் தானாகக் கேட்டறியும் இன்வர்ஸ் ஏஆர்பியும் பிவிசி நேராகப் போகும் முனையை மட்டும்தான் கண்டுபிடிக்கும். கிளைக்குக் கிளை தெரிய வேண்டுமானால் எந்த ஐபிக்கு எந்த டிஎல்சிஐ என்று சொல்லும் மேப் வரியைக் கையால் எழுத வேண்டும். அதில் பிராட்காஸ்ட் என்ற சொல்லை மறந்தால் பிங் போகும், ரூட்டிங் அப்டேட் போகாது. என் கருத்தில், முகவரிப் பஞ்சம் இல்லையென்றால் ஒவ்வொரு பிவிசிக்கும் ஒரு பாயிண்ட்-டு-பாயிண்ட். பேச்சே வேண்டாம்.

[திரை: ஷோ கட்டளைகள்]

இப்போது சரிபார்ப்பது. வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில், ஷோ இன்டர்ஃபேஸ். லைனே டவுன் என்றால் கேபிளோ மோடமோ காரணம். நம் பெட்டி டிடிஇ, அதாவது பிட்டுகளின் வேகத்தைக் கட்டும் கிளாக்கை வாங்கும் பக்கம், அதனால் கிளாக் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். லேபில் இரண்டு ரவுட்டரை நேராக இணைத்திருந்தால் டிசிஇ (கிளாக் தரும் பக்கம்) கேபிள் இருக்கும் பக்கத்தில் கிளாக் ரேட் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

லைன் அப், புரோட்டோகால் டவுன் என்றால் அடுத்த கட்டளை: ஷோ ஃப்ரேம்-ரிலே எல்எம்ஐ. அனுப்பிய கேள்வி ஏறிக்கொண்டே போகிறது, வந்த பதில் நகரவே இல்லை என்றால் முதல் சந்தேகம் எல்எம்ஐ வகை மேல்.

எல்எம்ஐ சரியா? அப்படியானால் ஷோ ஃப்ரேம்-ரிலே பிவிசி. நான் படிக்கத் தவறிய இடம் இதுதான். ஆக்டிவ் என்றால் இரண்டு முனையும் நலம். இன்ஆக்டிவ் என்றால் நமக்கும் ஸ்விட்ச்சுக்கும் பேச்சு சரி, எதிர்முனைதான் அதன் ஸ்விட்ச்சோடு பேசவில்லை. அப்போது கிளைக்கு போன் போடலாம். டெலீட்டட் என்றால் "இப்படி ஒரு எண்ணே உன் லைனில் இல்லை" என்கிறது ஸ்விட்ச். கிளைக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நம் எண்ணைத் தாளோடு ஒப்பிடுங்கள். அன்று என் திரையில் இருந்தது டெலீட்டட்.

ஆக்டிவ் என்று வந்தும் பிங் போகவில்லையா? இப்போதுதான் எதிர்முனை கணக்கில் வருகிறது. என்கேப்சுலேஷன் இரண்டு பக்கமும் ஒன்றா, ஐபி ஒரே சப்நெட்டா என்று பாருங்கள். ஸ்விட்ச் ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் இந்தத் தவறை அது சொல்லாது.

[திரை: தடிமனான குழாய், முனையில் மெல்லிய குழாய்]

லைன் ஓடத் தொடங்கிய பிறகு வரும் புகார் "மெதுவாக இருக்கிறது" என்பது. தலைமை அலுவலகத்தில் 2.048 மெகாபிட் போர்ட், கிளையில் 64 கிலோபிட் என்றால், இங்கிருந்து அள்ளிக் கொட்டுவது அங்கே நெரிபடும். சிஐஆருக்கு மேல் போகும் ஃப்ரேமில் "தேவைப்பட்டால் எறியலாம்" என்று குறிக்கும் டிஇ பிட்டை ஸ்விட்ச் போட்டு வைக்கும். நெரிசலில் முதலில் தூக்கி எறியப்படுபவை அவை. அதனால் தலைமை அலுவலகப் பெட்டியிலேயே டிராஃபிக் ஷேப்பிங் போட்டு வேகத்தைக் கட்ட வேண்டும். கணக்கு எளிது: ஒரு தடவைக்கு அனுப்பும் பிட் அளவான பிசியை சிஐஆரால் வகுத்தால், ஒரு தடவைக்கான இடைவெளியான டிசி. 8,000 பிட்டை 64,000-ஆல் வகுத்தால் 125 மில்லி விநாடி. அந்த இடைவெளிக்கு 8,000 பிட் வீதம் பெட்டி அனுப்பும்.

அதே லைனில் குரலும் போகிறதென்றால் இன்னொரு சிக்கல். 1,500 பைட் பாக்கெட் ஒன்று 64 கிலோபிட் லைனில் ஏற 187.5 மில்லி விநாடி ஆகும். அதுவரை பின்னால் நிற்கும் குரல் காத்திருக்கும், கேட்பவருக்குப் பேச்சு வெட்டி வெட்டி வரும். எஃப்ஆர்எஃப்.12 முறையில் பெரிய பாக்கெட்டை 80 பைட் துண்டுகளாக நறுக்கினால் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி விநாடிதான். இதை இரண்டு முனையிலும் போட வேண்டும்.

எல்லாம் ஓடுகிறதா? காபி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் அடித்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்த வீடியோவில் இதே லைனில் ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் புரோட்டோகாலை ஏற்றுவோம்.