பிப்பெட் கழுவிய மகள்

அனைவருக்கும் வணக்கம்.

அம்மா என்று ஆரம்பித்தால் நம் மேடைகளில் அடுத்து வந்து நிற்கும் சொல் தியாகம். படிப்பை விட்டார், வேலையை விட்டார், பாட்டை விட்டார் என்று சொல்லித்தான் தாயைப் புகழ்கிறோம். இன்று நான் பேச வந்திருக்கும் அம்மா பிள்ளைகளையும் விடவில்லை, வேலையையும் விடவில்லை. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

மன்னார்குடிப் பக்கத்துக்காரர்களுக்குத் துளசேந்திரபுரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை; கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊர். அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் அங்கே வைத்த பேனர்களில் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் கமலாவின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அவரைப் பெற்று வளர்த்த சியாமளா கோபாலனைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

சியாமளா 1938 டிசம்பர் 7 அன்று சென்னையில் பிறந்தார். அப்பா பி.வி. கோபாலன் அரசு அதிகாரி. மாற்றலான ஊருக்கெல்லாம் குடும்பமும் போனது. பெண் கர்நாடக சங்கீதம் பாடுவார், பரிசும் வாங்கியிருக்கிறார். டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் படித்தது மனையியல். விருந்தாளிக்குத் தட்டு வைக்கவா சொல்லித்தருகிறார்கள் என்று வீட்டில் கேலி செய்வார்களாம். அவர் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு, வீட்டில் சொல்லாமல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார். 1958-இல் கிளம்பும்போது வயது 19. அங்கே தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்பா தடுக்கவில்லை; ஓய்வுக்காலத்துக்கு வைத்திருந்த சேமிப்பிலிருந்து முதல் வருடச் செலவுக்குப் பணம் கொடுத்தார். அந்தக் காலத்தில் அப்படி ஓர் அப்பா! வீட்டில் தொலைபேசி கிடையாது. கடிதம் போய்ச் சேரவே இரண்டு வாரம் ஆகும்.

1964-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அதே வருடம் அக்டோபர் 20 அன்று கமலா பிறந்தார், 1967-இல் மாயா. கணவர் டொனால்டு ஹாரிஸ் ஜமைக்காவிலிருந்து பொருளாதாரம் படிக்க வந்தவர். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கறுப்பின மக்களின் உரிமைக்கான ஊர்வலங்களுக்கு இருவரும் போனார்கள். பின்னால் பிரிந்தும் போனார்கள். அதை நான் நீட்டப்போவதில்லை.

தனியாக இரண்டு பெண்பிள்ளைகள். கையில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி. என்ன செய்வது? பெர்க்லியில் அவர்கள் குடியிருந்த தெருவிலேயே ரெஜினா ஷெல்டன் என்ற அம்மாள் குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள். (2021-இல் துணை அதிபராகப் பதவியேற்றபோது கமலா கை வைத்த இரண்டு பைபிள்களில் ஒன்று அந்த ஷெல்டன் அம்மாவுடையது.) மற்ற சில நாட்களில் சியாமளா பிள்ளைகளைத் தன் ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போவார். அங்கே பிப்பெட் கழுவியதுதான் தன் முதல் வேலை என்று கமலா சொல்லியிருக்கிறார்.

நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். பிப்பெட் என்பது திரவத்தை அளந்து எடுக்கும் ஒல்லியான கண்ணாடிக் குழாய். கழுவி நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர் உள்சுவரில் ஒரே படலமாக வழிந்து இறங்க வேண்டும். எங்காவது ஒரு துளி ஒட்டி நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது, மறுபடி கழுவு என்று அர்த்தம். சின்னப் பெண் ஒருத்தி வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பிடித்து அந்தத் துளியைத் தேடுவதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று அவளுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

அந்த வேலை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மார்பகத் திசுவில் வந்து பொருந்துவதற்கு ஏற்பி என்று ஒரு புரதம் உண்டு. அந்த ஏற்பியைத்தான் சியாமளா ஆராய்ந்தார். இன்று நம் ஊரில் மார்பகக் கட்டிக்குப் பரிசோதனை செய்தால் ரிப்போர்ட்டில் 'பி.ஆர்.' என்று ஒரு வரி வரும். அது இந்த ஏற்பிதான். அதையும் பார்த்துத்தான் ஹார்மோன் மருந்து பயன்படுமா என்று டாக்டர் முடிவு செய்கிறார்.

1976-இல் வேலைக்காகக் கனடாவின் மான்ட்ரியாலுக்குப் போனார். பிள்ளைகளும் கூடவே போனார்கள். பல வருடம் கழித்துப் பெர்க்லிக்கே திரும்பினார்.

ஐந்தடி உயரம், மாநிறம், பேச்சில் நம் ஊர் வாசனை. முனைவர் பட்டம் வாங்கிய அவரை, அந்த உச்சரிப்பை வைத்தே சிலர் எடைபோட்டு மட்டமாக நடத்தியதை, கூட நின்று பார்த்ததாகக் கமலா சொல்கிறார். சியாமளா நிதானம் இழக்கமாட்டாராம். அநியாயத்தைப் பற்றிப் புலம்பாதே, ஏதாவது செய் என்பதுதான் வீட்டில் பாடம். மகள்களிடம் கோபம் வந்தால், 'தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டோம் என்று நினைப்பா?' என்பாராம். எந்த ஊர் அம்மா இது என்று நான் சொல்ல வேண்டுமா?

புற்றுநோயை ஆராய்ந்தவரைப் புற்றுநோயே கொண்டுபோனது. பெருங்குடலில் வந்தது. கடைசியில் படுக்கையில் எதிலும் நாட்டமில்லாமல் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தவரிடம், கலிபோர்னியா மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவிக்கான தேர்தலில் தன்னைத் தோற்கடித்துக் காட்டுவதாக எதிராளிகள் சொல்கிறார்கள் என்று மகள் கமலா சொன்னாள். அம்மா மெதுவாகத் திரும்பி, மகளைப் பார்த்து, முகம் நிறையச் சிரித்தார்.

2009 பிப்ரவரி 11 அன்று காலமானார். வயது 70. பூ வேண்டாம், மார்பகப் புற்றுநோய் அமைப்பு ஒன்றுக்கு நன்கொடை தாருங்கள் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. அஸ்தியைக் கமலா சென்னைக்குக் கொண்டுவந்து பெசன்ட் நகர் கடலில் கரைத்தார்.