துலூஸ் வட்டாரத்தில் ஹெபடைடிஸ் ஈ: 16.6 எப்படி 52.5 ஆனது?

[திரையில்: பிரான்ஸ் வரைபடம். தென்மேற்கில் துலூஸ், சிவப்புப் புள்ளியாக]

துலூஸ் பக்கம் ரத்த தானம் செய்தவர்களைச் சோதித்த ஆய்வு 2008-ல் வெளியானது. நூற்றுக்கு 16.6 பேரிடம், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஈ வைரஸுக்கு எதிரான ஐஜிஜி வகை ஆன்டிபாடி இருந்தது. 2011-ல் இன்னொரு ஆய்வு. அதே வட்டாரம், இவர்களும் ரத்த தானம் செய்தவர்கள்தான். இந்த முறை 52.5!

மூன்றே வருடத்தில் நோய் மூன்று மடங்காகிவிட்டதா? ஆன்டிபாடியைத் தேடும் சோதனை கிட் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

[திரையில்: ஆன்டிபாடியைத் தேடும் எலைசா சோதனையின் 96 குழித் தட்டு. சில குழிகள் மட்டும் மஞ்சள்]

ஒவ்வொரு குழியின் அடியிலும் வைரஸின் புரதம் பூசியிருக்கும். சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, ஊற்றிக் கழுவினாலும் ஆன்டிபாடி அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் ஆன்டிபாடி நிற்கும் குழி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளுக்கு மேல் பாசிட்டிவ் என்பது கிட்டுக்குக் கிட் வேறுபடும். 2008 ஆய்வின் பழைய ஜீன்லேப்ஸ் கிட்டுக்கு மில்லிலிட்டருக்குச் சுமார் 2.5 அலகு ஆன்டிபாடி வேண்டும். 2011 ஆய்வின் வான்டாய் கிட் 0.25 அலகையே பிடித்துவிடும். தொற்று வந்து வருடங்கள் ஓடினால் ஆன்டிபாடி தேயும். அப்படித் தேய்ந்தவர்களையெல்லாம் பழைய கிட் நெகட்டிவ் பக்கம் தள்ளிவிட்டது. ஆகவே, எந்த கிட் என்று சொல்லாத சதவீதத்தை வேறொரு ஊரோடு ஒப்பிடாதீர்கள்.

ஐஜிஜி இருந்தால் என்றைக்கோ தொற்று வந்துபோயிருக்கிறது என்று பொருள். அண்மையில் வந்ததா என்று பார்க்க ஐஜிஎம் என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி. வைரஸ் இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க, வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை. பிரான்ஸ் முழுக்க 10,569 பேரிடம் எடுத்த கணக்கில் ஐஜிஜி 22.4 சதவீதம், ஐஜிஎம் 1 சதவீதம்தான். ஐஜிஜி சில பகுதிகளில் 8, சில பகுதிகளில் 86! இவர்களில் பெரும்பாலோருக்குக் கண்கூட மஞ்சளித்திருக்காது.

[திரையில்: கருஞ்சிவப்பு ஃபிகடெல்லி சாசேஜ், குறுக்கே வெட்டியது]

காமாலை என்றால் நம் பக்கம் குடிதண்ணீரைத்தான் சந்தேகிப்போம். இங்கே பரவுவது இந்த வைரஸின் மரபணு வகை 1. பிரான்ஸில் இருப்பது வகை 3, பன்றியிடமிருந்து வருவது. பிரெஞ்சுத் தீவான கோர்சிகாவின் ஃபிகடெல்லி, பன்றி ஈரல் கலந்து புகையில் உலர்த்திய சாசேஜ். அதைச் சமைக்காமலே சாப்பிடுகிறவர்கள் உண்டு. புகைபோட்டு உலர்த்தினால் மட்டும் வைரஸ் சாகாது. ஈரல் கலவையை வைத்துச் சோதித்ததில், 71 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்த பிறகுதான் வைரஸ் முழுவதும் செயலிழந்தது. அதுவும் நடுப்பகுதியின் வெப்பம். மேல்தோல் கருகுவதை நம்பாமல், வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்கள். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: மற்றவர்களிடம் தானே அடங்கிவிடும் வகை 3, அவர்களிடம் நாள்பட்ட கல்லீரல் அழற்சியாக மாறலாம்.