கலசம் ஏந்திய குரல்: பால் பேரர் என்ற மேலாளர்

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். தொழில்முறை மல்யுத்தம் என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர்கள் களத்தில் இறங்கி மோதுகிறவர்கள்தாம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பவரோ மோதுவதற்காக வந்தவர் அல்லர். பருத்த உடலும், வெள்ளை மாவு பூசிய முகமும், கறுப்புக் கோட்டும், கையில் இறந்தவரின் சாம்பலை வைக்கும் ஒரு கலசமுமாகக் களத்தின் ஓரத்தில் நின்று, இன்னொருவரைப் பார்த்து உலகம் அஞ்சும்படி செய்தவர். பால் பேரர் என்பது அவர் மேடையில் பூண்ட பெயர். இயற்பெயர் வில்லியம் மூடி. அண்டர்டேக்கர், அதாவது இறுதிச்சடங்கு நடத்துபவர், என்று பெயர் பூண்ட நெடிய மல்யுத்த வீரரைக் கண்டு நாம் கொண்ட அச்சத்தில் பெரும்பங்கு, பக்கத்தில் நின்ற இந்த மனிதரின் குரல் விளைவித்தது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அதைத்தான் இந்த அவையின்முன் வைக்க வந்திருக்கிறேன்.

முதலில் மேலாளர் என்பவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றியும் தோல்வியும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை. ஆனால் விழுகிற அடிகளும் படுகிற வலியும் உண்மையானவை, பார்வையாளர்களின் கோபமும் கண்ணீரும் உண்மையானவை. அந்தக் கோபத்தை மூட்டி, வளர்த்து, சரியான நேரத்தில் வெடிக்கச் செய்கிற பொறுப்பு மேலாளருடையது. உடல்பலம் இருந்தும் பேச்சுத்திறன் இல்லாத வீரருக்காக அவர் ஒலிவாங்கியின்முன் நின்று பேசுவார். நடுவரின் கவனத்தைத் திருப்புவார். தன் ஆள் தோற்கவேண்டிய நாளில் அந்தத் தோல்விக்குரிய அவமானத்தைத் தானே தலையில் ஏற்றுக்கொள்வார். நம் தெருக்கூத்தில் அரசன் வருவதற்கு முன்னால் கட்டியங்காரன் வந்து, அவன் எத்தகையவன் என்று அவைக்கு அறிவிக்கிறானே, அதுதான் இந்தப் பணியின் சாரம். வருகிறவன் பெரியவன் என்று பார்ப்பவர்களை முதலில் நம்பவைக்கிற கலை அது.

வில்லியம் மூடி 1954 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மொபீல் நகரில் பிறந்தார். மாணவப் பருவத்திலேயே மல்யுத்தக் களங்களின் ஓரத்தில் நின்று புகைப்படம் எடுத்தவர் அவர். அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய காலத்திலும் ஓய்வு நேரங்களில் மல்யுத்த நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். பிறகு முதல் குழந்தை பிறந்ததும் நிலையான வருமானம் வேண்டும் என்று எண்ணி, இறந்தோரின் உடலைப் பதப்படுத்தி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் தொழிலை முறையாகப் படித்துப் பட்டம் பெற்று, அதற்கான உரிமமும் பெற்றார். இறப்பு நேர்ந்த வீட்டாரிடம் எப்படிப் பேசவேண்டும், குரலை எவ்வளவு தாழ்த்தவேண்டும், சவப்பெட்டியின் அருகே எந்த நிதானத்தில் நடக்கவேண்டும் என்பதெல்லாம் அந்தத் தொழில் கற்பிக்கும் ஒழுங்குகள். அவரது பிற்காலப் பாத்திரத்தைப் பார்க்கும்போது இதை நாம் மறந்துவிடக்கூடாது.

1980களில் அவர் மீண்டும் முழுநேர மல்யுத்தத்துக்குத் திரும்பினார். அப்போது அவருடைய பெயர் பெர்சி பிரிங்கிள். வெளிறிய பொன்னிறத் தலைமுடி, பகட்டான உடை, ஓயாத வாய், யாரையும் மதிக்காத மிடுக்கு: தெற்கு மாநிலங்களின் மேடைகளுக்குப் பழகிப்போன வில்லன் மேலாளரின் வடிவம் அது. டெக்சஸில் வான் எரிக் குடும்பத்தார் கொடிகட்டிப் பறந்த வேர்ல்ட் கிளாஸ் மல்யுத்த அமைப்பில் அவர் ரிக் ரூடு என்ற வீரருக்கு மேலாளராக இருந்தார். பின்னாளில் அல்டிமேட் வாரியர் என்று உலகம் போற்றிய இளைஞர் டிங்கோ வாரியர் என்ற பெயரில் அங்கே வந்தபோது அவருடனும் நின்றார். ஸ்டீவ் ஆஸ்டின் இன்னும் யாருக்கும் தெரியாத புதுமுகமாக இருந்த நாட்களில் அவருக்கும் துணையாக இருந்தார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மூவர் தொடக்கக் காலத்தில் ஒரே மனிதரின் நிழலில் நின்றிருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

1990 நவம்பர் 22 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரில், இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் மல்யுத்த அமைப்பு நடத்திய சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் மார்க் காலவே என்ற டெக்சஸ்காரர் அண்டர்டேக்கராக அறிமுகமானார். அறிவிக்கப்பட்ட உயரம் 6 அடி 10 அங்குலம். கறுப்புத் தொப்பி, நீண்ட அங்கி, சலனமில்லாத முகம். முதலில் அவரை அழைத்துவந்தவர் பிரதர் லவ் என்ற பாத்திரம். அது போலி மதப் பிரசாரகரைக் கேலி செய்யும் வேடம். இறந்தவன் நடந்து வருவதுபோன்ற ஓர் உருவத்துக்கு அந்தக் கேலி சற்றும் பொருந்தவில்லை. 1991 பிப்ரவரியில் பிரதர் லவ் தன் பொறுப்பைப் பால் பேரர் என்ற புதியவரிடம் ஒப்படைத்தார். பொன்னிறத் தலைமுடி கருமையாகியிருந்தது, கறுத்த மீசையும் வெளுத்த முகமும் வந்திருந்தன, ஓயாத வாய் அடங்கி அதன் இடத்தில் மெல்லிய, நடுங்குகிற, உச்சத்தில் இழைகிற ஒரு குரல் வந்திருந்தது. பெர்சி பிரிங்கிளை நன்கு அறிந்த ரசிகர்கள்கூட ஒரு கணம் தயங்கியிருப்பார்கள்.

அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் நுட்பம் புலப்படும். அண்டர்டேக்கர் அடிபட்டு மல்லாந்து கிடக்கிறார். எதிராளி தன் வெற்றி உறுதி என்று எண்ணித் திரும்பி நிற்கிறார். களத்துக்கு வெளியே நிற்கும் பேரர் அவசரப்படுவதில்லை. இரண்டு கைகளாலும் கலசத்தை மார்பளவில் பிடித்துக்கொண்டு, கண்களை அகல விரித்து, கீழே கிடப்பவரையே உற்றுப் பார்க்கிறார். பிறகு கலசம் மெல்ல மேலெழுகிறது; அது தலைக்கு மேல் போகும் அந்த நொடியில் அண்டர்டேக்கர் இடுப்பை மட்டும் மடித்து நேராக எழுந்து உட்காருகிறார். அரங்கம் அலறுகிறது. கலசத்தை ஒரு நொடி முன்னதாகத் தூக்கினாலும், ஒரு நொடி பிந்தித் தூக்கினாலும் இது வெறும் வித்தையாகத் தெரிந்துவிடும். பேரரின் முகத்தில் அந்தக் கணத்தில் இருந்த பரவசத்தை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கலசத்துக்குச் சக்தி உண்டு என்று நம்மிடம் சொல்ல முயலும் ஒருவரின் முகம் அல்ல அது. அதைத் தானே நம்புகிற ஒருவரின் முகம்.

ஃபியூனரல் பார்லர், அதாவது இறுதிச்சடங்கு இல்லம், என்ற பெயரில் சவப்பெட்டிகள் சூழ அவர் நடத்திய நேர்காணல் பகுதியும் அதே நம்பிக்கையில் எழுந்ததுதான். 1991இல் அந்த மேடையில்தான் அல்டிமேட் வாரியரை அண்டர்டேக்கர் சவப்பெட்டிக்குள் தள்ளிப் பூட்டினார். பணியாளர்கள் கருவிகளைக் கொண்டு நெடுநேரம் போராடித் திறந்தபோது, உள்ளே இருந்த துணி முழுவதும் கீறிக் கிழிக்கப்பட்டிருந்தது. டெக்சஸில் தான் தூக்கிவிட்ட அதே இளைஞர் பெட்டிக்குள் கிடக்க, வெளியே நின்று மகிழ்ந்தவர் பேரர்.

நம் நாட்டில் 1990களில் கேபிள் தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்தபோது வளர்ந்தவர்களுக்கு இதன் தாக்கம் நேரடியாகத் தெரியும். மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டு அட்டைகளை வைத்துப் பள்ளி இடைவேளையில் விளையாடியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்றும், செத்துச் செத்துப் பிழைத்து வருகிறவர் என்றும் சிறுவர்கள் சத்தியம் செய்து சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வர்ணனையாளர் பேசிய ஆங்கிலம் புரிந்திருக்காது. கலசம் உயர்வதும் மனிதன் எழுவதும் புரிந்தன, அந்த நடுங்கும் குரலின் “ஓ... யெஸ்!” புரிந்தது. மொழி தெரியாத பிள்ளைகளிடமும் ஒரு கதையைக் கொண்டுசேர்த்த நடிப்புக்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவையில்லை.

அந்தக் கலசத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 1994 ஜனவரியில் யோகோசுனா என்ற வீரருடன் நடந்த, எதிராளியைச் சவப்பெட்டிக்குள் அடைப்பவரே வெல்லும் சவப்பெட்டிப் போட்டியில் பலர் சேர்ந்து அண்டர்டேக்கரைத் தாக்கியபோது கலசம் திறந்து பச்சைப் புகை வெளியேறியது, அவர் வலுவிழந்தார். அடுத்த ஆண்டு காமா என்ற வீரர் அதைத் திருடி உருக்கிக் கழுத்துச் சங்கிலியாக அணிந்துகொண்டார். கதை என்ற அளவில் இவற்றில் சில மிகையானவை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பேரர் பறிகொடுத்தவராகத் துடித்த துடிப்பு, அந்தப் பித்தளைப் பாத்திரத்தின் மதிப்பை ரசிகர் மனத்தில் ஏற்றிக்கொண்டே வந்தது. ஐந்தாண்டுகளுக்கும் மேலாக இப்படிச் சேர்த்துவைத்த மதிப்பு முழுவதையும் அவர் ஒரே இரவில் செலவிட்டார்.

அது 1996 ஆகஸ்ட் 18, கிளீவ்லாந்தில் நடந்த சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி. அண்டர்டேக்கருக்கும் மேன்கைண்டு என்ற வீரருக்கும் இடையிலான அந்தப் போட்டி கட்டடத்தின் கொதிகலன் அறையில் தொடங்கியது. முதலில் களத்துக்கு வந்து பேரரின் கையிலிருந்து கலசத்தைப் பெறுபவரே வெற்றியாளர். அடிபட்டுக் களைத்த அண்டர்டேக்கர் எப்படியோ களத்தை அடைந்து, மண்டியிட்டு, கலசத்துக்காகக் கையை நீட்டுகிறார். பேரர் முதுகைத் திருப்பிக்கொள்கிறார். பிறகு அதே கலசத்தால் அவரை அடித்து, அதை மேன்கைண்டிடம் கொடுத்துவிடுகிறார். இதில் பேச்சே இல்லை. பேச்சுக்காகவே பெயர்பெற்ற ஒருவர், தன் வாழ்வின் மிகக் கொடிய செயலை முதுகைக் காட்டியே நிகழ்த்தினார். மல்யுத்த மேடையில் நடந்த துரோகங்களில் எனக்கு இதற்கு இணையாக வேறொன்று தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு அவர் செய்தது அதைவிடக் கடினமானது. கண்ணில் படாத ஒருவனை மாதக்கணக்கில் வெறும் சொற்களால் உருவாக்கினார். அண்டர்டேக்கர் சிறுவயதில் குடும்பத்தின் இறுதிச்சடங்கு இல்லத்துக்குத் தீ வைத்தார், அதில் பெற்றோர் மாண்டனர், தம்பி கேனும் மாண்டான் என்று எல்லோரும் நினைத்தனர், ஆனால் கேன் உயிரோடிருக்கிறான்: இதுதான் அவர் வாரந்தோறும் சிறிது சிறிதாக வெளியிட்ட செய்தி. அந்தக் கதையை அவர் பழைய குற்றத்தை அறிந்த ஓர் ஊழியரின் குரலில், அழுகையும் வஞ்சமும் கலந்து சொன்னார். 1997 அக்டோபர் 5 அன்று செயின்ட் லூயிஸ் நகரில், களத்தை இரும்புக் கூண்டால் மூடி முதன்முறையாக நடத்தப்பட்ட ஹெல் இன் எ செல் போட்டியில் அண்டர்டேக்கர் ஷான் மைக்கேல்ஸை வெல்லவிருந்த வேளையில், விளக்குகள் அணைந்து செந்நிற ஒளி பரவ, பேரருடன் முகமூடி அணிந்த கேன் நடந்துவந்து இரும்புக் கூண்டின் கதவைப் பிய்த்தெறிந்தார். யார் வருகிறார் என்பதை வர்ணனையாளர் விளக்கவேண்டிய தேவையே அங்கு எழவில்லை. கேனாக நடித்த கிளென் ஜேக்கப்ஸ் அன்று ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவருக்கான சொற்கள் அனைத்தையும் பேரர் முன்பே பேசி முடித்திருந்தார்.

1998இல் கேனுக்கு உண்மையான தந்தை பேரர்தான் என்று கதை வளர்ந்தபோது அது தேவையற்ற எல்லைக்குப் போய்விட்டதாகவே நான் கருதுகிறேன். மர்மத்தை அறிந்த ஊழியர் என்ற நிலை தந்த கனத்தை, தந்தை என்ற உறவு தரவில்லை. பின்னாளில் ஜேம்ஸ் மிட்செல் என்ற மேலாளரும் தன் ராட்சத வீரர் அபிஸுக்குத் தந்தையாகக் காட்டப்பட்டார் என்பதைப் பார்க்கும்போது, இந்த உத்தி எவ்வளவு பரவியது என்று தெரிகிறது. மிட்செல் திறமையானவர், சினிஸ்டர் மினிஸ்டர் என்ற பெயரில் சாத்தானின் பூசாரியாகவே தோன்றியவர். ஆனால் சாத்தான் நம்மில் பலருக்குக் கதையில் வருகிறவன். சவப்பெட்டியோ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருநாள் வந்தே தீரும். பேரர் அந்த இரண்டாவதை எடுத்துக்கொண்டார், அதைத் தொழிலாகவும் அறிந்திருந்தார். அவருடைய அச்சம் ஆழமாகத் தைத்ததற்கு நான் காணும் காரணம் இதுதான்.

2004 மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த ரெஸில்மேனியா என்ற ஆண்டுப் பெருநிகழ்ச்சியில் அவர் அண்டர்டேக்கரோடு மீண்டும் தோன்றியபோது அரங்கம் எழுந்து வரவேற்றது. ஆனால் அதே ஆண்டு ஜூன் 27 அன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் அவரை அடைத்துச் சிமெண்டுக் கலவையால் மூடுவதாக ஒரு காட்சி அமைத்தார்கள். நெம்புகோலை இழுத்தவர் அண்டர்டேக்கரே. வில்லியம் மூடியின் உடல்நலம் குன்றி அறுவை சிகிச்சை தேவைப்பட்டதால் அவரைத் திரையிலிருந்து அகற்றவேண்டியிருந்தது என்பது உண்மை. எனினும் அவ்வளவு நீண்ட உறவுக்கு அத்தகைய முடிவு தகுதியானதன்று. 2010இலும் 2012இலும் அவர் சிறிது காலம் திரும்பி வந்தார். வயதும் நோயும் தெரிந்தன; குரல் மட்டும் மாறவில்லை.

2013 மார்ச் 5 அன்று பிறந்த ஊரான மொபீலிலேயே அவர் மறைந்தார். ஒரு மாதத்துக்குள் அவருடைய கலசத்தை வைத்தே அண்டர்டேக்கருக்கும் சிஎம் பங்க் என்ற வீரருக்கும் இடையிலான ரெஸில்மேனியாப் போட்டியின் கதை நகர்ந்தது. கலசத்திலிருந்த சாம்பலை அண்டர்டேக்கர்மீது கொட்டும் காட்சிகூட வந்தது. சடலங்களையும் சவப்பெட்டிகளையும் வைத்து இருபதாண்டுகளுக்கும் மேலாக நாடகம் நடத்திய துறையில் இதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். வில்லியம் மூடி உயிரோடு இருந்து நடித்த வரையில் அது நாடகம்; துயரம் ஆறாத நாட்களில் அதைச் செய்தது எனக்கு ஏற்புடையதன்று.

மறு ஆண்டு, 2014 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் நகரில், டபிள்யூ.டபிள்யூ.இ. அமைப்பு அவருக்குப் புகழரங்கில் இடமளித்தது. அவரை அறிமுகம் செய்து பேச அழைக்கப்பட்டவர் கேன். ஒரு சொல்கூடப் பேசாத முகமூடியாகப் பேரரின் பின்னால் நடந்துவந்த அதே மனிதர், அன்று ஒலிவாங்கியின்முன் நின்று, தன் மேலாளரைப் பற்றி அவைக்கு எடுத்துச் சொன்னார்.

செவிமடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.