கைக்கு இடம், காலுக்குத் தூரம்

அனைவருக்கும் வணக்கம். பெரிய திரையில் வரைபடத்தைக் கையாலும் காலாலும் நகர்த்துவது பற்றித்தான் இன்றைய பேச்சு. முதலில் ஒரு சின்னக் கணக்கு. இணைய வரைபடத்தில் உலகம் முழுவதும் ஒரே சதுரத்துக்குள் அடங்கிக் கிடப்பதைப் பூஜ்ய நிலை என்பார்கள். அடுத்த நிலையில் நீளமும் அகலமும் இரண்டு மடங்கு, அதாவது நாலு சதுரம். இப்படியே 18-ஆவது நிலை வரை போனால் தெருவில் உள்ள கட்டடங்கள் தனித்தனியாகத் தெரியும். 2-ஐ 18 தடவை பெருக்கினால் 2,62,144. உலகத்திலிருந்து ஒரு வாசற்படிக்கு வர, படம் அத்தனை மடங்கு பெருக வேண்டும்.

இரண்டு விரலை வைத்து ஒரு தடவை விரித்தால் மூன்று மடங்கு பெருகும் என்று வைத்துக்கொள்வோம். பதினோரு, பன்னிரண்டு தடவை விரிக்க வேண்டும். கைப்பேசியில் அது ஒரு வேலையே இல்லை. அதே வரைபடத்தைச் சுவர் அளவுத் திரையில் போட்டு, எதிரே நின்று இரண்டு கைகளாலும் விரித்துப் பாருங்கள். ஆறாவது தடவையிலேயே தோள்பட்டை முறையிட ஆரம்பித்துவிடும். இந்த வலிக்குக் கணினித் துறைக்காரர்கள் 'கொரில்லா கை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கொரில்லா கோபித்துக்கொள்ளாது என்ற தைரியம்தான்.

வலியை விடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. 2010 நவம்பரில் கினெக்ட் என்ற, உடல் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மைக்ரோசாஃப்ட் கேமரா வந்த பிறகு, திரையைத் தொடாமலேயே காற்றில் கையசைத்து வரைபடத்தை நகர்த்த வழி பிறந்தது. நானும் ஒன்று செய்து நாலு பேருக்குக் காட்டப் போனேன். ஆற்றங்கரை ஊர் ஒன்றை நடுத்திரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, விளக்கம் சொல்லக் கையை எடுத்தேன். ஊர் கையோடு கிளம்பிவிட்டது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தேன், படம் நடுக்கடலுக்குப் போய்விட்டது. அப்புறம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேச்சை முடித்தேன்.

கோளாறு எங்கே? கேமரா கையைச் சரியாகவே பார்த்தது. ஆனால் எந்த அசைவு தனக்கு, எந்த அசைவு எதிரே இருக்கும் மனிதருக்கு என்று அதற்குத் தெரியாது. கணினியின் சுட்டியில், அதாவது மவுஸில், பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இழுக்கும், விட்டால் நிற்கும். வெறும் காற்றில் பொத்தானுக்கு எங்கே போவது?

1980-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் போல்ட் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி பெரிய திரையில் உள்ள பொருளைக் கையால் காட்டி, "அதை அங்கே வை" என்று வாயால் சொன்னால் அது இடம் மாறும். 'அது' எது, 'அங்கே' எங்கே என்பதைக் கை சொன்னது. எப்போது என்பதைக் குரல் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் பேசிக்கொண்டிருப்பவர் குரலை இயந்திரத்துக்கும் கொடுத்தால், கேட்பவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

மிச்சம் இருப்பது கால். தையல் இயந்திரத்தின் முன் உட்காருகிறவரின் கை துணியை வழிநடத்துகிறது. ஓடு, நில், மெதுவாகப் போ என்பதெல்லாம் காலின் பொறுப்பு. கார் ஓட்டுவதும் அப்படித்தான்: திசை கையில், வேகம் காலில். சுட்டியைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழுவினர் 1960-களில் மேசைக்கு அடியில் முழங்காலால் நகர்த்தும் கருவி ஒன்றையும் சோதித்துப் பார்த்தார்கள். பழக்கமில்லாதவர்கள் கையில், சரி, முழங்காலில், அது வேகத்தில் சோடை போகவில்லை.

வரைபடத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் ஜெர்மனியின் யோகானஸ் ஷோனிங் குழுவினரைச் சொல்ல வேண்டும். 2009-ல் அவர்கள் தொடுதிரைச் சுவருக்கு முன்னால் நிண்டெண்டோவின் 'வீ' வீடியோ விளையாட்டுக் கருவிக்கான, ஏறி நிற்கும் பேலன்ஸ் பலகையைப் போட்டு, கையோடு காலையும் வேலைக்குச் சேர்த்தார்கள். அந்தப் பலகையின் நாலு மூலையிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் உண்டு. மேலே நிற்பவரின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நாலு எண்களிலிருந்து கணக்கிட்டுவிடலாம்.

என் கட்சி இதுதான்: இடத்தைக் கை சொல்லட்டும், தூரத்தைக் கால் கடக்கட்டும். விரலால் ஓர் ஊரைத் தொட்டுவிட்டு, பாரத்தைப் பாதத்தின் முன்பக்கத்துக்கு மாற்றினால் படம் அந்த ஊரை நோக்கி இறங்குகிறது. கூட அழுத்தினால் வேகம், குறைத்தால் நிதானம். குதிகாலில் சாய்ந்தால் மேலே ஏறுகிறது. பன்னிரண்டு தடவை விரித்த வேலை ஒரே சாய்வில் முடிகிறது. நேராக நின்றால் படமும் நிற்கும். பாரம் முன்னால் வராதவரை கையசைவைக் கணக்கில் எடுக்காதே என்றும் சொல்லிவைக்கலாம். தேடிய பொத்தான் பாதத்துக்கு அடியில் கிடைத்துவிட்டது.

காலிடம் நுணுக்கம் எதிர்பார்க்கக் கூடாது. கட்டைவிரலால் ஒரு தெருமுனையைச் சுட்டச் சொன்னால் பக்கத்துத் தெருவைக் காட்டும். தமிழில் கால் என்றால் நாலில் ஒரு பங்கு. அதற்குத் தர வேண்டிய வேலையும் அவ்வளவுதான். இன்னொன்று: நிற்க முடியாதவர்களுக்கு இந்தப் பலகை உதவாது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அதே வேலையைக் கைப்பிடியில் ஓர் அழுத்துவிசையாகக் கொடுக்கலாம். அதை முதல் நாளே திட்டத்தில் சேர்க்க வேண்டும். பின்னால் ஒட்டவைத்தால் ஒட்டுப்போட்டது போலத்தான் இருக்கும்.

சரி, பலகை இங்கேயே இருக்கிறது. யாராவது ஒருவர் மேலே வாருங்கள். குதிகால் உயர்ந்த செருப்பு என்றால் கழற்றிவிடுங்கள், முன்னும் பின்னும் அதற்குப் பிடிபடாது. ஏறியதும் எதையும் தொடாதீர்கள். பத்து விநாடி சும்மா நில்லுங்கள். நீங்கள் சும்மா நிற்பது எப்படி இருக்கும் என்று அது தெரிந்துகொள்ளட்டும்.